ஓட்டைத் துறந்த நத்தையும் கெடா கடலும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கெடா மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஜெராய் மலை தெரியாமல் இருக்காது. சுங்கைப் பட்டாணியில் நின்றாலும் தெரியும், பீடோங்கில் நின்றாலும் தெரியும், மெர்போக் பக்கம் போனால் தலைக்கு மேலேயே நிற்கும். அந்தக் காலத்தில் கடாரத்தை நோக்கி வந்த மரக்கலங்களுக்குத் தூரத்திலேயே வழிகாட்டிய அடையாளம் இந்த மலைதான் என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்லும் செய்தி. வானம் தெளிந்த நாளில் மலைமேல் ஏறி நின்று பார்த்தால் கீழே நெல்வயல், அதற்கு அப்பால் கடல். அந்தக் கடலில், கோல கெடாவுக்கு மேற்கே, லங்காவிக்குத் தெற்கே, நான்கு சின்னத் தீவுகள் இருக்கின்றன. பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் என்பன அவற்றின் பெயர்கள். இன்றைய பேச்சு அந்தத் தீவுகளின் பாறையடியில் ஊர்ந்து திரியும், விரல் நீளம்கூட இல்லாத ஓர் உயிரினத்தைப் பற்றியது.

கடல் என்றால் தோட்டத்துத் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது கப்பல். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் கெடாவில் இருக்கிறார்கள். கடலைத் தாண்டி வந்தவர்கள் கரையிறங்கியதும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார்கள். பெரட்டு, பால்வெட்டு, ஸ்டோர், லயம் என்று வாழ்க்கை அமைந்துவிட்டது. பத்து இருபது மைல் தூரத்தில் கடல் இருந்தும், மாசி மகத்துக்குப் போனால் உண்டு, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பினாங்குக்குப் போனால் உண்டு. போனாலும் முழங்கால்வரை நனைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுவதற்கு வாய்ப்பே இல்லாமல் போனது.

ஆனால் நத்தையைத் தோட்டத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும். ரப்பர் நாற்றங்காலில் இளங்குருத்தைக் கடித்துவிட்டுப் போகும் நத்தை. ஓடில்லாமல் வழவழவென்று இருக்கும் இன்னொரு வகை, வெட்டுப் பட்டையில் வடியும் பாலையே குடித்துவிட்டுப் போகும். மங்கில் சேரவேண்டிய பால் நத்தையின் வயிற்றுக்குள் போய்விடும். அதிகாலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நடந்தவர்களுக்கு அதன் மினுமினுப்பான தடம் கண்ணில் படாமல் போயிருக்காது. அந்த ஓடில்லாத நத்தைக்குக் கடலில் ஒன்றுவிட்ட உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். தரையில் இருப்பது மண்ணின் நிறம். கடலில் இருப்பதோ தீபாவளிக்குக் கடைத்தெருவில் தொங்கும் பட்டுச் சேலைகளைப் போல ஊதா, ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று எல்லா நிறத்திலும் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். லங்காவியில் போத்தலில் அடைத்து விற்கிறார்களே காமாட் எண்ணெய், அது கடல் அட்டையிலிருந்து எடுப்பது. கடல் அட்டை நட்சத்திர மீனின் இனத்தைச் சேர்ந்தது, நத்தை அல்ல. இது வேறு. விஞ்ஞானிகள் நியூடிபிராங்க் என்று சொல்லும் இந்த வகை, சிப்பி, கணவாய், நத்தை ஆகியவற்றின் குடும்பம். அந்தப் பெயருக்கு நிர்வாணச் செவுள் என்று பொருள். மூச்சுவிடும் செவுளை உடம்புக்குள் மறைத்து வைக்காமல் முதுகின்மேல் பூங்கொத்துபோல் விரித்து வைத்திருப்பதால் அந்தப் பெயர். இதுவரை சுமார் 3,000 இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குப் பெரும்பாலும் ஓடு இருக்கும். வளரும்போது அந்த ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும்.

நத்தைக்கு ஓடுதானே கோட்டை? அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓடவும் முடியாமல், நீந்தவும் பெரும்பாலும் முடியாமல், பளிச்சென்ற நிறத்தில் பாறைமேல் உட்கார்ந்திருந்தால் மீன் விட்டுவைக்குமா? விட்டுவைக்கிறது. காரணம் விஷம். கடற்பஞ்சு என்ற உயிரினத்தில் கசப்பும் நஞ்சும் கலந்த வேதிப்பொருள்கள் உண்டு. கடற்பஞ்சைத் தின்னும் நத்தை அந்த நஞ்சைத் தன் தோலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஹவாய்த் தீவுகளில் கிடைத்த, முதுகெல்லாம் மேடு மேடாக இருக்கும் ஒரு நத்தை சுரக்கும் சளி, தொட்டியில் கூட இருக்கும் மீன்களையே கொன்றுவிடுகிறது என்று ஜோஹானஸ் என்ற ஆய்வாளர் 1963-ல் எழுதினார். இன்னொரு வகை இதையும் மிஞ்சியது. கொட்டும் இயல்புள்ள கடற்சாமந்தி இன உயிர்களைத் தின்று, அவற்றின் கொட்டும் உயிரணுக்களை வெடிக்கவிடாமல் விழுங்கி, தன் முதுகில் உள்ள விரல் போன்ற நீட்சிகளின் நுனியில் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கிறது. எதிரியின் துப்பாக்கியைப் பறித்துத் தன் இடுப்பில் செருகிக்கொள்வது மாதிரி. ஆகவே அந்த நிறம் அழகுக்காக அல்ல. தொட்டால் கெட்டாய் என்ற அறிவிப்புப் பலகை அது. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு அலங்காரமும் நத்தைக்கே தெரியாது. அதன் கண் வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தறியும், அவ்வளவுதான். தலையில் இருக்கும் இரண்டு கொம்புகளால் நீரின் வாசனையை முகர்ந்தே இரையையும் துணையையும் தேடுகிறது.

இந்தச் சின்ன உயிரால் மனிதனுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்பதில் தவறில்லை, உழைப்புக்குக் கூலி என்ன என்று கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். பதில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான எரிக் கேண்டல், நினைவு எப்படி மூளையில் பதிகிறது என்பதைக் கண்டுபிடித்தது கடல் முயல் என்று அழைக்கப்படும் ஒரு கடல் நத்தையை வைத்துத்தான். இந்தியப் பெருங்கடலில் வாழும் இன்னொரு கடல் முயலிலிருந்து பிரித்தெடுத்த டோலாஸ்டாட்டின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவான மருந்துக்கு, ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்க, 2011-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த நஞ்சை நத்தை தானாகச் செய்யவில்லை, அது தின்ற நுண்பாசியில்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. எது எதைத் தின்கிறது என்று பார்த்துவைப்பதற்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

சரி, இவற்றைப் படம் பிடிப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? பட்டாம்பூச்சியைப் பிடித்து ஊசியில் குத்தி வைத்தால் நூறு வருஷம் கழித்தும் நிறம் ஓரளவுக்கு இருக்கும். சிப்பியின் ஓடு ஆயிரம் வருஷம் இருக்கும். ஓடில்லாத நத்தையைச் சாராயத்தில் போட்டு வைத்தால் சில நாட்களிலேயே நிறம் போய், உருவம் சுருங்கி, ஊறவைத்த பூண்டுப் பல்லைப் போல ஆகிவிடும். எந்த நிறத்தால் அது அடையாளம் காணப்பட்டதோ அந்த நிறமே இருக்காது. எனவே உயிரோடு இருக்கும்போது எடுத்த படம்தான் சாட்சி.

இதை முதலில் உணர்ந்து செய்தவர்கள் குளிர்க் கடலோரத்தில் இருந்தவர்கள். இங்கிலாந்தின் வடகிழக்கே நியூகாசல் என்ற நிலக்கரி நகரம். அங்கே ஜோஷுவா ஆல்டர், ஆல்பனி ஹான்காக் என்ற இரு நண்பர்கள். வட கடலில் நீர் இறங்கும் நேரம் பார்த்துப் பாறைக் குட்டைகளில் கைவிட்டுத் துழாவி, நத்தைகளை உயிரோடு எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டு, அவை கொம்பை நீட்டிச் செவுளை விரிக்கும்வரை காத்திருந்து வண்ணத்தில் வரைந்தார்கள். குளிர்காலத்தில் அந்தக் கடலின் வெப்பநிலை 5, 6 பாகைக்கு இறங்கும். கெடாவில் குளிர்பானக் கடையின் ஐஸ் பெட்டிக்குள் கையை வைத்த மாதிரி. 1845 முதல் 1855 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவர்களுடைய நூல், இன்றுவரை அந்தத் துறையில் மதிக்கப்படுகிறது.

அந்த இருவரின் மேசைக்குத் தமிழ்க் கடலிலிருந்தும் படங்கள் போயின என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இலங்கையில் பிறந்து, மருத்துவம் படித்து, இராணுவ மருத்துவராக இருந்த எட்வர்ட் கெலார்ட், முத்துச் சிப்பிகளைப் பற்றி ஆராய அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டவர். திருகோணமலைக் கடலில் கிடைத்த ஓடில்லா நத்தைகளை அவர் 1850-களின் இறுதியில் விவரித்து எழுதினார், வண்ணப் படங்களும் சேர்த்தார். 1860-ல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட், தென்னிந்திய நாணயங்களையும் அமராவதிச் சிற்பங்களையும் ஆராய்ந்தவர் என்று பலருக்குத் தெரியும். அவர் விசாகப்பட்டினத்தை ஒட்டிய வால்டேர் கடற்கரையில் நத்தைகளைச் சேகரித்து, உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு வரையவைத்து அனுப்பினார். அதை ஆல்டரும் ஹான்காக்கும் 1864-ல் வெளியிட்டார்கள். எலியட்டின் பெயர் நிலைத்துவிட்டது, ஆல்டர் பெயரும் நிலைத்துவிட்டது. வெயிலில் உட்கார்ந்து, நத்தை சுருங்குவதற்குள் அவசர அவசரமாகத் தூரிகையை ஓட்டிய அந்த ஓவியர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

கெலார்டின் ஓவியங்கள் நியூகாசல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அரை நூற்றாண்டு கழித்து, இன்னொரு எலியட் அவற்றைத் திறந்து பார்த்தார். உச்சரிப்பு ஒன்றுபோல இருந்தாலும் இவர் வேறு ஆள். சர் சார்ல்ஸ் எலியட். தூதராகவும் ஆளுநர் நிலை அதிகாரியாகவும் இருந்தவர். இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பற்றி 1921-ல் மூன்று பெரிய தொகுதிகள் எழுதியவரும் இவர்தான். ஓய்வு நேரமெல்லாம் ஓடில்லா நத்தைகளுக்கே கொடுத்தார். தென்னிந்தியா, இலங்கைக் கடல் நத்தைகளைப் பற்றி 1906-ல் அவர் எழுதிய கட்டுரை, கெலார்டின் படங்களை வைத்துத்தான் பல பெயர்க் குழப்பங்களைத் தீர்த்தது. அந்த எலியட் ஜப்பானிலிருந்து 1931-ல் ஊர் திரும்பும்போது, மலாக்கா நீரிணையில் கப்பலில் உயிர்விட்டார். உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். கெடாவின் கரையைத் தொடும் அதே நீரிணை.

கெலார்ட் 1859-ல் பெயரிட்ட ஒரு நத்தை உண்டு. கறுப்பு உடம்பில் நீளவாட்டில் இளஞ்சிவப்பு மேடுகள், ஏதோ ஒரு பலகாரத்தை அச்சில் பிழிந்து வைத்தது மாதிரி இருக்கும். இலங்கையின் பெயரையே அதற்கு வைத்தார். இந்தியப் பெருங்கடலின் பல பாறைகளில் முக்குளிப்பவர்கள் இன்று அதைப் படம் எடுக்கிறார்கள். திருகோணமலையில் தூரிகையால் வரைந்ததும் இன்று கேமராவில் விழுவதும் ஒன்றுதான் என்று சொல்ல முடிகிறதென்றால், அந்தப் பழைய படம் இருந்ததால்தான்.

குளிர்க் கடலில் இப்போதும் இந்த வேலை நடக்கிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆப்ஸ் கரையிலும், நோர்வேயிலும், கனடாவின் மேற்குக் கரையிலும், கலிபோர்னியாவின் மான்டரேயிலும் இதற்கென்றே நீருக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பில் தண்ணீர் படாதபடி மூடிய உடை, அதற்குள் கம்பளி, அந்த உடையில் தங்கும் காற்று மேலே தூக்காமல் இருக்க இடுப்பில் ஈயக் கட்டிகள். தடித்த கையுறைக்குள் விரல் மரத்துப்போகும், கேமராவின் பொத்தானை அழுத்தினோமா இல்லையா என்றே தெரியாது. பேட்டரி சீக்கிரம் தீரும். அப்படியும் போகிறார்கள் என்றால், குளிர்ந்த நீரில் சத்து மிகுதி, உணவு மிகுதி, நத்தையும் மிகுதி. வசந்தத்தில் அவை முட்டையிடக் கூடும் காலத்தில் நீர் பச்சையாகக் கலங்கியிருக்கும். அந்தக் கலங்கலிலும் ஒரு சாண் தூரத்தில் கேமராவை வைத்துத் தெளிவான படம் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

பாயார் தீவுக்கு அந்தப் பாடம் அப்படியே பொருந்தும். இங்கே குளிர் இல்லை, நீர் வருஷம் முழுக்க 28, 30 பாகையில் இதமாக இருக்கும். ஆனால் மலாக்கா நீரிணை கலங்கிய கடல். நல்ல நாளில் பத்து மீட்டர் தெரியும், மோசமான நாளில் மூன்று மீட்டர் தெரிந்தால் பெரிது. சிப்பாடானிலும் கிழக்குக்கரைத் தீவுகளிலும் கண்ணாடி போன்ற நீரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பாயாரைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அவர்கள் தூரத்தையே பார்த்துப் பழகியவர்கள். நத்தை தேடுகிறவருக்குத் தூரம் தேவையே இல்லை. கேமராவுக்கும் நத்தைக்கும் இடையில் தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு தெளிவு. மேக்ரோ லென்ஸுக்குக் கலங்கல் ஒரு பொருட்டல்ல.

வெளிச்சம்தான் அடுத்த சங்கதி. நீருக்குள் இறங்க இறங்க முதலில் மறைவது சிவப்பு. பத்து மீட்டர் ஆழத்தில் இரத்தச் சிவப்பான நத்தை அழுக்குப் பழுப்பாகத்தான் தெரியும். டார்ச் விளக்கையோ பிளாஷையோ காட்டினால்தான் உண்மை நிறம் எழும். அந்த பிளாஷை லென்ஸுக்கு நேர் மேலே வைத்தால் மிதக்கும் துகள்களெல்லாம் வெளிச்சம் பட்டுப் பனி கொட்டியது மாதிரிப் படத்தைக் கெடுத்துவிடும். பக்கவாட்டில், சற்று வெளியே விலக்கி வைக்க வேண்டும். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பட்டையின் ஆழம் பார்த்து, மரத்துக்குக் காயம் படாமல் கத்தியை இழுத்தவர்களின் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது கஷ்டமா என்ன?

தேடும் முறையும் தோட்டத்து அனுபவத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. புழுவைப் பிடிக்க வேண்டுமானால் கடித்த இலையைப் பார் என்பார்கள். கடற்பஞ்சு எங்கே இருக்கிறது, அதில் கடித்த தடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பாறைமேல் ரோஜாப்பூவைப் போலச் சுருட்டி ஒட்டிய ரிப்பன் தெரிந்தால் அது முட்டை. பக்கத்திலேயே தாய் இருக்கும். தாய் என்று சொல்வதும் பாதி உண்மைதான், ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பது. கண்ட நத்தையை அழகான பவளத்தின்மேல் தூக்கிவைத்துப் படம் எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது படம் அல்ல, பொய்ச் சாட்சி. எந்தக் கடற்பஞ்சில் இருந்தது என்ற செய்தியே அங்கே அழிந்துவிடுகிறது. நத்தையும் இரையை இழந்து பட்டினி கிடக்கும்.

பாயார் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் தூரம் 1994 முதல் கடல் பூங்கா. மீன் பிடிப்பதோ, பவளத்தையும் சிப்பியையும் பொறுக்கி எடுப்பதோ குற்றம். படகு போகும் காலம், அனுமதி, மூடியிருக்கும் பகுதி ஆகியவை மாறிக்கொண்டே இருப்பதால், மீன்வளத் துறையிடமோ படகு நடத்துவோரிடமோ கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

இப்போது பெற்றோர்களின் பயத்துக்கு வருவோம். தண்ணியில கண்டம் என்று ஜாதகத்தில் எழுதியிருக்கிறது என்பதில் தொடங்கி, ஆற்றிலும் மண் எடுத்த குட்டையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் கதைவரை அந்தப் பயத்துக்குக் காரணங்கள் உண்டு. அதைக் கேலி செய்வது மடமை. ஆனால் தண்ணீரைத் தடை செய்த வீடுகளின் பிள்ளைகள்தான் யாருக்கும் தெரியாமல் குட்டையில் குதிக்கிறார்கள், நீச்சலும் தெரியாமல். முறையான முக்குளிப்புப் பயிற்சிக்குச் சேருகிறவர் பொதுவாக 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போய் அதைக் கற்றுக்கொண்டாலே பாதிப் பயன் கிடைத்துவிட்டது. கடலுக்குள் போகாவிட்டாலும் உயிருக்குக் காவல்.

முக்குளிப்பில் மறக்கக் கூடாதது மூச்சை அடக்காமல் இருப்பது. நீருக்குள் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று இரு மடங்காக விரிந்து கிழித்துவிடும். முதுகில் சுமப்பதை ஆக்சிஜன் சிலிண்டர் என்று பத்திரிகைகளிலேயே எழுதுகிறார்கள். அதில் இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. ஆழத்தில் அந்தக் காற்றின் நைட்ரஜன் இரத்தத்தில் கரையும், அவசரமாக மேலே வந்தால் சோடா போத்தலைத் திறந்ததுபோல் குமிழியாகக் கொப்பளிக்கும். அதனால்தான் மெதுவாக ஏற வேண்டும், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும். குமிழி நோய் கண்டவரை அழுத்த அறையில் வைத்து வைத்தியம் செய்யும் வசதி பேராக் மாநிலத்தில் லூமூட் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. கெடாவிலிருந்து அது பக்கத்து ஊர் அல்ல. படம் பிடிக்கிறவருக்கு ஆபத்து அதிகம், ஏனென்றால் நத்தையையே பார்த்துக்கொண்டு மானியைப் பார்க்க மறந்துவிடுவார். துணையாள் கட்டாயம் வேண்டும், அந்தத் துணையாளும் இன்னொரு கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவராக இருக்கக் கூடாது.

இவ்வளவு செலவும் சிரமமும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. கூலிம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு இளைஞர், சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போகச் சேமித்து நீருக்கடியில் எடுக்கும் கேமரா வாங்குவது என்றால் இரண்டு வருஷம் ஆகலாம். ஆனால் நத்தையைப் பார்க்க முக்குளித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மும்பையில் 2017-ல் தொடங்கிய ஒரு குழு, நகரத்தின் பாறைக் கரைகளில் நீர் இறங்கும் நேரத்தில் செருப்புக் காலோடு நடந்தே எத்தனையோ கடல் நத்தைகளைப் படத்தில் பதிந்திருக்கிறது. அவ்வளவு குப்பையும் சாக்கடையும் கலக்கும் மும்பைக் கடலில்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர் கரையில் நீல டிராகன் என்ற நத்தை ஒதுங்கியது. அது கொட்டும், கையில் எடுக்கக் கூடாது, பார்த்துப் படம் எடுத்துவிட்டு விட்டுவிட வேண்டும். கெடாவின் பெருங்கரை பெரும்பாலும் சேறும் அலையாத்தியும் என்றாலும், லங்காவியில் பாறைக் கரைகள் உண்டு. நீர் இறங்கும் அட்டவணையும் ஒரு கைப்பேசியும் இருந்தால் போதும்.

அப்படிப் பதிவதால் என்ன தெரியவரும்? ஓடில்லா நத்தை பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல் வாழாது, சில வகைக்குச் சில வாரங்களே ஆயுள். கடல் மாறினால் நூறு வருஷப் பவளம் சொல்வதற்கு முன்பே இது சொல்லிவிடும். 2015 தொடக்கத்தில் கலிபோர்னியாவில், தெற்கே வெதுநீரில் வாழும் ஒரு ரோஜா நிற நத்தை, வழக்கத்துக்கு மாறாக வடக்குக் கரைகளில் கூட்டம் கூட்டமாகத் தென்பட்டது. கடல் சூடானதன் அறிகுறி என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அதை அவர்களால் சொல்ல முடிந்தது, முந்தைய ஆண்டுகளில் எங்கே எது இருந்தது என்று குறித்து வைத்திருந்ததால். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் பொதுமக்களைக் கொண்டு நத்தைக் கணக்கெடுப்பே நடத்துகிறார்கள். 2010-ல் மலேசியக் கடல்களில் பவளம் வெளுத்தது. 2024-ல் உலகம் முழுவதும் நான்காவது முறையாகப் பெரும் வெளுப்பு அறிவிக்கப்பட்டது. பவளத்தோடு கடற்பஞ்சும், அதைத் தின்னும் நத்தையும் பாயாரில் எப்படி மாறின என்று கேட்டால், வருஷா வருஷம் தேதி போட்டு எடுத்த படங்கள் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

எனவே படம் எடுக்கிறவர் அழகான ஒரு படத்தோடு நிறுத்தக் கூடாது. உடம்பு முழுவதும் தெரிய ஒன்று, கொம்பும் செவுளும் தெரிய ஒன்று, எதன்மேல் இருக்கிறது என்று தெரிய ஒன்று. நாள், இடம், ஆழம், நீரின் வெப்பநிலை ஆகியவற்றைக் கரையேறியதும் எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் ஆழம் மறந்துபோகும். அதைப் பொதுவான இயற்கைப் பதிவுத் தளங்களில் ஏற்றிவிட்டால், உலகின் எந்த மூலையில் இருக்கும் ஆய்வாளரும் பெயரைச் சரிபார்த்துச் சொல்வார்.

பெயர் என்றதும் ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த நத்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு வழக்கில் தமிழ்ப் பெயரே கிடையாது. மீனவர்களுக்கு இவை விலைபோகாத பொருள், பெயர் வைக்க அவசியம் ஏற்படவில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஒரு வகுப்பில் இருபது படங்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு மணி நேரத்தில் இருபது பெயர் வந்துவிடும். வெள்ளை உடம்பில் கரும்புள்ளிகள் வளையமாகப் படர்ந்த ஒன்று இந்தக் கடல்களில் உண்டு, அதைப் புள்ளிக்கோல நத்தை எனலாம். கெலார்ட் கண்ட இளஞ்சிவப்பு மேடுள்ளதற்கு முறுக்கு நத்தை என்று ஒரு பிள்ளை பெயர் வைத்தால், அதை மறுப்பதற்கு எந்தப் புலவரிடமும் காரணம் இருக்காது.